மாடியில் டவர் கிடைக்கும்

லேப்டாப்தான். கனமாகத்தான் இருக்கும், பழையது. இல்லை, மேலே வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். அந்தக் கம்பியில் எதையோ வைத்து ஒழுகவிட்டிருக்கிறார்கள், பாருங்கள், பிசுபிசுவென்று தடம் தெரிகிறது. இந்த பஸ் சீட்டையும் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எனக்கு அது ஒரு பழக்கம். தப்பாக நினைக்காதீர்கள்.

கும்பகோணம். அம்மா வீட்டுக்கு. விசேஷமெல்லாம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று.

நான் பொதுவாக யாரிடமும் இவ்வளவு பேச மாட்டேன். காலேஜில் மூன்று வருஷமும் கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்து, அட்டெண்டன்ஸுக்கு மட்டும் வாயைத் திறந்தவள். ஆனால் ஒன்று, பேசாதவர்களுக்குக் கண் நன்றாக வேலை செய்யும். ஒரு வீட்டுக்குள் போனால் எந்தச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, யார் யாரைப் பார்க்காமல் பேசுகிறார்கள், எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். அது ஒரு தொல்லை. தெரியாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

லேப்டாப் ப்ளஸ் டூவில் கிடைத்தது. அந்த வருஷம் எங்கள் செட்டுக்கே கொடுத்தார்கள். மற்றவர்கள் எல்லாம் விற்றுவிட்டார்கள், படம் பார்த்துப் பார்த்துக் கெடுத்துவிட்டார்கள். நான் உறை போட்டு வைத்திருந்தேன். பேட்டரி மட்டும் செத்துவிட்டது. கரண்ட் பாயிண்ட்டில் சொருகினால்தான் உயிர் வரும், பிடுங்கினால் அடுத்த நொடி போய்விடும். அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதனால்தான் எல்லாம் ஆயிற்று.

ஜெயங்கொண்டத்தில்தான் என்னைக் கொடுத்தது. அவர் ஓசூரில் கம்பெனியில் இருக்கிறார், மாதத்துக்கு இரண்டு முறை வருவார். வீட்டில் நானும் அத்தையும். அத்தை என்றால் என் மாமியார். அவரைப் பற்றிக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். சுத்த சைவம், காலையில் குளிக்காமல் அடுப்பைத் தொட மாட்டார். மாதத்தில் அந்த நாட்களில் எனக்குப் பின்கட்டு அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். அந்தப் பாயை நீங்கள் மோந்து பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் அவருடைய மாமியார் காலத்திலிருந்து அதே பாய் என்று நினைக்கிறேன். தட்டை நானே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும், அதன் மேல் அத்தை தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பார். கணக்கில் பி.எஸ்ஸி. படித்தவள் நான். என்ன செய்வது, எனக்காவது மூன்று நாள்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

அதனால்தான் எனக்கு ஒரு வேலை வேண்டும் என்று தோன்றியது. சம்பளம்கூட அப்புறம். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஒரு காரணம் வேண்டும். 'அவள் வேலையில் இருக்கிறாள்' என்று யாராவது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனி, வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வு பாஸ் செய்துவிட்டேன். அதைச் செல்போனிலேயே, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று எழுதினேன், தெரியுமா. எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. பழைய காலத்துச் சுவர், தடியானது. கடைசிக் கட்டம் மாதிரி வகுப்பு. அதற்கு லேப்டாப் கட்டாயம், போனில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் கொடுத்தார்கள். விட்டால் அடுத்த வருஷம்தான் கூப்பிடுவோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

வீட்டில் வைஃபை இருக்கிறது. டவர் கிடைக்காததால் அவர்தான் போட்டுக்கொடுத்தார், தன் அம்மாவிடம் பேச வேண்டுமே. அந்த மோடம் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? பூஜை அறையில். ஆமாம், சாமி படங்களுக்குப் பக்கத்தில், விபூதித் தட்டுக்கு மேலே ஒரு பலகை. நல்ல நாளில் வந்த சாமான், வெளியில் வைத்தால் கண்டவர் காலும் கையும் படும் என்றார் அத்தை. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் அடைத்துப் போய், அதில் எறும்பு வரிசை கட்டி… வேண்டாம், சொன்னால் எனக்கே குமட்டுகிறது.

என் லேப்டாப் அந்த மோடத்தோடு சேரவே மாட்டேன் என்றது. பேர் தெரிகிறது, பாஸ்வேர்டு போடுகிறேன், சரியான பாஸ்வேர்டு, 'இணைக்க முடியவில்லை' என்று வருகிறது. ஒரு வாரம் இதே வேலை. எதிர்வீட்டு வைஃபை, பல் டாக்டர் கிளினிக் வைஃபை எல்லாம் தெரிகிறது, எங்கள் வீட்டுடையது மட்டும் என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறது. அவரிடம் சொன்னால், அதைத் தூக்கிப் போடு, அது மியூசியத்துக்குப் போக வேண்டியது என்றார். கடைக்காரனும் அதையே சொன்னான்.

அப்போதுதான் மாடிப்பெண் பார்த்தாள்.

எங்கள் மாடியில் ஒரு ரூம் வாடகைக்கு விட்டிருந்தோம். வெளிப்பக்கமாகப் படி. அதில் ஒரு பெண், சுடர்விழி என்று பேர், ஒரு பிரைவேட் ஸ்கூலில் கம்ப்யூட்டர் டீச்சர். என்னைவிட இரண்டு வயது சின்னவள். பேரே ஒரு மாதிரி இருக்கே என்றுதான் அத்தை முதலில் சொன்னார். ஸ்கூல் கரஸ்பாண்டென்ட்டே சிபாரிசு செய்திருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா வந்தார். தோளில் ஒரு மூட்டை முந்திரி. அந்த மனிதர் கேட்டுக்கு வெளியே, தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யாரும் சொல்லவில்லை. அவராகவே. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அத்தை அந்தச் செருப்பைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வாசல் வரைதான். காலி பண்ணச் சொல்லலாம் என்றார், அவர்தான் போனில், ஏதாவது கேஸாகிவிடும் சும்மா இரும்மா என்று அடக்கினார்.

நான் அதெல்லாம் பார்க்கிறவள் இல்லை. காலேஜில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்ன என்று ஸ்காலர்ஷிப் ஃபாரம் கொடுத்தபோதுதான் எனக்குத் தெரியும். அதற்கு அப்புறமும் அவளோடு நன்றாகத்தான் பேசினேன். இந்தப் பெண்ணும் ஒரு டப்பாவில் முந்திரி வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். நான் அப்படிச் செய்யவில்லை. சிரித்து வாங்கிக்கொண்டேன். அப்புறம் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வீணாக்கக்கூடாது இல்லையா. மனுஷர் மனசு நோகாமல் நடந்துகொள்ள வேண்டும், அதுதானே படிப்பு.

அந்த வெள்ளிக்கிழமை நான் பின்கட்டில். அதுவும் சரியாக அன்றைக்கே வந்து தொலைத்தது. வாஷிங் மெஷின் பாயிண்ட்டில் லேப்டாப்பைச் சொருகி, கல்லின் மேல் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி பாஸ்வேர்டு போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்திருக்கும் போல. துணி காயப்போட வந்தவள் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா ஆச்சு, நான் வேணா பாக்கட்டா?" என்றாள்.

வந்து குந்தி உட்கார்ந்து எதையோ தட்டினாள், இரண்டு நிமிஷம் இருக்காது. "புது மோடம், புதுப் பூட்டு. உங்க லேப்டாப்புக்குப் பழைய பூட்டைத்தான் திறக்கத் தெரியும். அதைப் போய்த் திட்டி என்ன பண்றது. மோடத்துல ஒயரைப் போட்டு அதோட செட்டிங்ஸ் உள்ள போய்ப் பழைய பூட்டையும் சேத்து வச்சுட்டா முடிஞ்சுது" என்றாள். ஒயரும் அவளிடமே இருந்தது. ஆனால் மோடம் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. நான் அந்த அறைக்குள் போகக்கூடாது, மூன்று நாள். அவள் போகவே கூடாது. போகக்கூடியவர் அத்தை ஒருத்தர்தான், அவருக்கு டிவி ரிமோட்டே பிடிபடாது. சனிக்கிழமை காலையில் ஓசூரில் இருக்கிறவரைப் போனில் பிடித்து அழுதேன். அவர் தன் அம்மாவிடம் பேசினார். என்ன பேசினாரோ, அத்தை போனைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் போய் விளக்கை வெளியே எடுத்து வைத்தார். சாமி படங்களுக்குக் குறுக்கே திரையை இழுத்து மூடினார். தரையில் பழைய சாக்கு ஒன்றை விரித்தார். நெல் சாக்கு, எலிப் புழுக்கை ஒட்டினது. அதன் மேல் அந்தப் பெண் உட்கார வேண்டும்.

நான் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது எனக்கு, அத்தையை நினைத்து. அவள் சாக்கைப் பார்த்தாள். மடித்து ஓரமாக வைத்துவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்தாள். மோடத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைத்து, ஒயரைச் சொருகி, முடித்து எழுந்தாள். "சேந்துடுச்சுக்கா. இனிமே அதுவா பிடிச்சுக்கும்" என்று லேப்டாப்பை என் கையில் கொடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தேங்க்ஸ் சொன்னேனா என்று கேட்காதீர்கள், நான் இப்படிப்பட்ட நேரத்தில் வாயைத் திறக்க முடியாதவள். ஆனால் மனதுக்குள் சொன்னேன்.

பின்கட்டுக்கு வந்து, கீபோர்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். விரல் தடமாக இருந்தது. யார் தொட்டாலும் துடைப்பேன்.

பதினோரு மணிக்குச் சரியாக ஆரம்பித்தார்கள். ஒரு சார், ஒரு மேடம். பட்டுப்புடவை மேலேயும் பாய் கீழேயுமாக நான். அந்த மேடம் ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி நடித்தார், எனக்குப் பின்னம் புரியவில்லை மிஸ் என்றார். நான் பேசினேன். நானா இது என்று எனக்கே ஆச்சரியம். ஒரு தோசையை நாலாகக் கிழித்துப் படம் போட்டு, இந்தத் துண்டை நீ சாப்பிட்டால் மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். அந்த சார் தலையை ஆட்டிக்கொண்டே எதையோ எழுதினார். நல்ல ஆட்டல். எனக்குத் தெரியும் அல்லவா, ஆட்டலில் எத்தனை வகை.

அப்போது ஒரு வாடை வந்தது. முன்கட்டிலிருந்து. எனக்கு வாடை உடனே தெரியும், சின்ன வயதிலிருந்தே. கோமியம். அத்தை அதை ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்து வைத்திருப்பார், வாரக்கணக்கில். மூடியைத் திறந்தால் தெருவுக்கே தெரியும். எதிரே ஸ்கிரீனில் அந்த மேடம், வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். குரலும் வரவில்லை.

ஓடினேன். பூஜை அறை வாசலில் ஈரத் தலையோடு அத்தை. கையில் சொம்பு, மாவிலைக் கொத்து. தரை, திரை, பலகை எல்லாம் சொட்டுகிறது. மோடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. லேசாகப் புகைந்த நாற்றம், அதோடு இந்த நாற்றம்.

"நாலு சொட்டுதானேடி ரஞ்சனி. வீடு பூரா தெளிச்சேன், அதுக்கும் தெளிச்சேன். அவ கைபட்டது அதுதானே" என்றார். ஏதோ பூவுக்குத் தண்ணீர் ஊற்றினவர் மாதிரி.

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷி. சொல்லுங்கள். தொட்டால் என்ன ஒட்டிக்கொள்ளும்? மின்சாரத்தில் ஓடுகிற சாமானுக்கு மூத்திரம் தெளிக்கிற புத்தியை எங்கே போய்ச் சொல்வது? எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் கையால் போட்ட சோற்றை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பின்பக்கம் ஓடி முற்றத்துக்கு வந்தேன். அங்கேதான் போனில் கொஞ்சம் டவர். மெசேஜ் வந்திருந்தது: உங்கள் இணைப்பு போய்விட்டது, பத்து நிமிடம் காத்திருக்கிறோம். நல்லவர்கள்தான். அண்ணாந்து பார்த்தால் மாடிக் கைப்பிடிச் சுவரில் அந்தப் பெண் நிற்கிறாள். படியின் கீழ்ப்படி வரைக்கும் அத்தை தெளித்துவிட்டுப் போயிருந்தார், ஈரம் காயவில்லை. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாளோ.

"நெட் போயிடுச்சாக்கா? லேப்டாப்பை எடுத்துட்டு மேல வாங்க. மாடியில டவர் ஃபுல்லா கிடைக்கும், என் போன்லேர்ந்தே போட்டுத் தரேன். ஓடியாங்க."

ஓடினேன். ஈரத்தைத் தாண்டி, லேப்டாப்பையும் சார்ஜரையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புடவை தடுக்கத் தடுக்கப் படியேறினேன். மேல்படிக்குப் போய்விட்டேன். அவள் கதவை அகலமாகத் திறந்து, மேஜையில் இருந்த பரீட்சைப் பேப்பர்களை ஒதுக்கி, நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும். நான் நினைத்ததைவிடச் சுத்தம்.

ஆனால் மூலையில் அடுப்பு. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. மீனோ கருவாடோ, எனக்குப் பேரெல்லாம் தெரியாது. அந்த வாடை கதவு வரைக்கும் வந்தது. அந்த நாற்காலியில் ஒரு துண்டு கிடந்தது, அவள் துவட்டின துண்டாக இருக்கும். குடத்தின் மேல் ஒரு டம்ளர். வெயிலில் ஏறி வந்திருக்கிறேன், தண்ணீர் குடிக்கச் சொல்லுவாளோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எனக்கு அந்த நாட்களில் வயிறு சரியாக இருக்காது, உங்களுக்குத் தெரியாததா.

"நான் இப்ப யார் வீட்டுக்குள்ளயும் வரக்கூடாதும்மா, மூணு நாள்" என்றேன். பொய் இல்லையே, உண்மைதானே.

"எங்க வீட்ல அதெல்லாம் பாக்க மாட்டோம்க்கா. வாங்க, நேரம் போகுது."

அவள் பார்க்கமாட்டாள், சரி. நான் என்ன சொல்வது. ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான், இப்போதும் சொல்கிறேன். "ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தா இழுத்து வெளியில குடேன். நான் இப்படிப் படியிலயே உக்காந்து பேசிடறேன். உனக்கும் தொந்தரவு இல்லை" என்றேன். எவ்வளவு மரியாதையாகக் கேட்டேன், பாருங்கள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்ற காலை.

"வயர் எட்டாதுக்கா" என்றாள்.

அவ்வளவுதான். கதவைச் சாத்தக்கூட இல்லை. உள்ளே போய், அடுப்பை அணைத்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு என் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். காலியாக இருக்கிறது அந்த நாற்காலி. மேஜைக்கு மேலே சுவரில் பிளக் பாயிண்ட், எனக்கு நேரே தெரிகிறது. போனில் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு தடவை அடித்தது. எடுத்து என்ன சொல்ல? படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாடையை மூக்கைப் பொத்திக்கொண்டு சகித்தபடி, பத்து நிமிஷமும் உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கி வந்துவிட்டேன்.

அத்தையால் போன வேலை. அத்தை மட்டும் அந்தச் சொம்பைத் தூக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் டீச்சர். இதில் கொடுமை என்ன தெரியுமா, பழைய லேப்டாப்பைச் சொருகினதால்தான் மோடம் எரிந்தது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரரும் அதையே நம்புகிறார். நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன, அவர்களெல்லாம் மாறுகிற ஜென்மமா. அதனால்தான் கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருக்கலாம் என்று. அங்கே அம்மாவும் மூன்று நாள் பார்ப்பார்கள்தான், ஆனால் பாய் புதுசு.

அந்தப் பெண்ணா? முந்தாநாள் காலி பண்ணிவிட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. ஒரு குட்டியானை வண்டி வந்தது, அந்த அப்பாவும் வந்தார். இந்தத் தடவை செருப்போடு உள்ளே வந்து சாமான் ஏற்றினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், உதவிக்குப் போகலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியாக ஒரு பக்கெட். அதற்கு மேலே என்ன இருந்தது தெரியுமா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வெள்ளை பாக்ஸ், கறுப்பு வயர், சுற்றிச் சுற்றிப் பெரிய சுருளாக. கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் போடுகிறவன் வைத்திருப்பானே, அந்த மாதிரி. அவிழ்த்தால் தெருமுனைக்கே வரும்.

நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். மறைக்கவில்லை. கையில் எடுத்து, நன்றாகச் சுற்றி, மேலே வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

அத்தை பழைய காலத்து மனுஷி, படிக்காதவர், விடுங்கள். இவள் படித்தவள். படியில்தானே உட்கார்ந்திருந்தேன் நான், நாலு அடி. எட்டியிருக்காதா, நீங்களே சொல்லுங்கள்.